இல்லாத ஒரு திருகைத் தேடி

வால்வின் கண்ணாடிக்குள் நிற்கும் சாம்பல் நிறத் தகடு கருஞ்சிவப்பாக மாறினால் ஆம்ப்ளிஃபயரை அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். கிதார் ஆம்ப் பழுது பார்ப்பவர்கள் இதைப் ‘பிளேட் சிவக்கிறது’ என்பார்கள். அறுபதுகளின் சர்க்யூட்டைப் பார்த்துக் கையால் கட்டிய சின்ன ஆம்ப் ஒன்று என்னிடம் உண்டு. அதன் இரண்டு பவர் வால்வுகளையும் கழற்றிப் புதியவற்றைப் போட்ட அன்று, இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று சிவந்தது. அணைத்தேன். பயஸைச் சரிசெய்யலாம் என்று சேசிஸைத் திருப்பிப் போட்டுத் திருகைத் தேடினேன்.

திருகே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்று இருந்தது.

ஏன் இல்லை என்ற கேள்வி, அறுபது எழுபது ஆண்டுப் பழைய வரைபடங்களுக்குள்ளும், பிறகு நூறு ஆண்டுப் பழைய பேட்டரிகளுக்குள்ளும் என்னை இழுத்துப் போனது.

முதலில் பயஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. சுமார் 400 வோல்ட்டில் இருக்கும் பிளேட் அவற்றை இழுக்கிறது. நடுவில் உள்ள கிரிட்தான் மதகுப் பலகை. கிரிட்டுக்கு மைனஸ் வோல்ட் கொடுத்தால் ஓட்டம் தடைபடும். கிதார் வாசிக்காமல் சும்மா இருக்கும் நேரத்தில் பலகை எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் பயஸ். பலகையை அதிகம் இறக்கிவிட்டால், ஒலி அலை ஒரு வால்விலிருந்து மற்றொன்றுக்குக் கை மாறும் இடத்தில் சிறு பள்ளம் விழும். சுரம் தேயும்போது கரகரப்புக் கேட்கும். அதிகம் ஏற்றிவிட்டால் என் ஆம்பில் நடந்ததுதான் நடக்கும்.

‘பயஸ்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்; சாய்வு என்று பொருள். புல்வெளியில் பந்து உருட்டும் பழைய ஆங்கில விளையாட்டில், பந்து நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்து போவதற்கு இதே சொல்தான். கிரிட்டை மைனஸ் பக்கம் சாய்த்து வைப்பதால் மின்பொறியாளர்களுக்கும் அது பொருந்திப்போனது.

சாய்த்து வைக்கும் யோசனை வால்வோடு கூடவே பிறக்கவில்லை. லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மூன்று முனை வால்வைச் செய்தார். கிரிட்டுக்கு நிலையான மைனஸ் வோல்ட் கொடுக்கும் முறைக்கு, ஒரு காலத்தில் நிக்கோலா டெஸ்லாவிடம் உதவியாளராக இருந்த ஃபிரிட்ஸ் லோவென்ஸ்டைன் 1912-இல் காப்புரிமை கேட்டார், 1917-இல் கிடைத்தது. வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடிய காலத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேட்டரிகள் இருந்தன. இழையைச் சூடாக்க ‘ஏ’, பிளேட்டுக்கு ‘பி’, கிரிட்டுக்கு ‘சி’. இன்றும் வால்வு ஆம்ப் வரைபடங்கள் பலவற்றில் உயர் வோல்ட் கம்பியின் மேல் ‘பி பிளஸ்’ என்று எழுதியிருக்கும். பேட்டரி போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது, பெயர் போகவில்லை.

அந்த ‘சி’ பேட்டரியில்தான் நான் தேடிய திருகின் மூதாதையைக் கண்டேன். பிரிட்டனில் அதற்கு கிரிட் பயஸ் பேட்டரி என்றே பெயர். அதன் மேல்பக்கத்தில் ஒன்றரை வோல்ட் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வானொலி கேட்பவரே செருகியை ஒரு துளையிலிருந்து பிடுங்கி அடுத்ததில் குத்திக்கொள்ளலாம். பயஸைக் குறைத்து வைத்தால் பிளேட் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் சாதாரண வீட்டுக்காரருக்கும் இந்த விஷயம் தெரிந்திருந்தது. ஆக, பயஸ் திருத்தம் பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்த நுட்பம் இல்லை. ஒருகாலத்தில் எல்லார் கையிலும் இருந்த அது, நடுவில் காணாமல் போயிருக்கிறது.

மின்சாரத்தில் ஓடும் ரேடியோ வந்தபோது ‘சி’ பேட்டரி விடைபெற்றது. கேத்தோடுக்குக் கீழே ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் போதும். மின்னோட்டம் கூடினால் கேத்தோடின் வோல்ட் உயரும், அதோடு ஒப்பிட கிரிட் மேலும் மைனஸாகும், ஓட்டம் தானே அடங்கும். இது கேத்தோடு பயஸ். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் ஐம்பதுகளில் செய்த 5இ3 டீலக்ஸ் ஆம்பில், இரண்டு 6வி6 வால்வுகளுக்கும் பொதுவாக ஒரே 250 ஓம் ரெசிஸ்டர்தான் இருந்தது. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்த, பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30-இலும் நான்கு இஎல்84 வால்வுகள் இதே முறையில் ஓடின. நம் வீட்டு வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டியதும் இஎல்84 வால்வுதான்; பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்தது.

கேத்தோடு பயஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் கொஞ்சம் வாட்டைத் தின்னும். மேடைக்குச் சத்தம் போதாமல் போனபோது ஃபெண்டர் வேறு வழிக்குப் போனார். 1958-இல் வந்த பேஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்பில் கிரிட்டுக்கென்றே ஒரு சிறிய ரெக்டிஃபையர் மைனஸ் வோல்ட்டைத் தனியாகத் தயாரித்தது. இதற்கு ‘ஃபிக்ஸ்டு பயஸ்’ என்று பெயர். மாற்ற முடியாதது என்று பலர் இதைப் பொருள்கொள்கிறார்கள். வால்வின் ஓட்டத்தைச் சாராமல் வெளியிலிருந்து வருவது என்பதே பொருள். ஆனாலும் அந்த பேஸ்மேனில் திருகு கிடையாது. 1962-இல் லண்டன் ஹான்வெல்லில், ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து கட்டிய முதல் மார்ஷல் ஆம்ப், இந்தச் சர்க்யூட்டின் வழியில் பிறந்ததுதான்.

அறுபதுகளில் ஃபெண்டரின் பெரிய ஆம்புகளில் திருகு திரும்பி வந்தது. 1965-இல் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1968 முதல் வெள்ளி முகப்போடு வந்த பெரிய மாடல்கள் பலவற்றில் திருகு இருந்தது, ஆனால் அதன் வேலை மாறிவிட்டது. இரண்டு வால்வுகளுக்கும் இடையே சமநிலை பார்க்க மட்டுமே அது உதவியது. மொத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. இந்த ஆம்புகளை வாங்குபவர்கள் பலர் இன்றும் மெக்கானிக்கிடம் அந்தத் திருகைப் பழைய வேலைக்கு மாற்றித் தரச் சொல்கிறார்கள்.

சின்ன ஆம்புகளுக்கு அந்தத் திருகும் கிடைக்கவில்லை. 1964-இல் வந்த பிரின்ஸ்டன் ரிவர்ப் இதற்கு நல்ல சாட்சி. இரண்டு 6வி6, பத்து அங்குல ஸ்பீக்கர், ஒரு நிலையான ரெசிஸ்டர். இதன் டிரெமோலோவும், அதாவது சத்தம் சீராக ஏறி இறங்கும் அலையும், பவர் வால்வின் பயஸையே மேலும் கீழும் ஆட்டி உண்டாவதுதான். மதகுப் பலகை தாளத்தோடு ஏறி இறங்குவதை நாம் காதால் கேட்கிறோம். பயஸை அதிகச் சூடாக வைத்தால், அதாவது பலகையை ஏற்றிவிட்டால், இந்த ஆம்பில் டிரெமோலோ சோர்ந்துபோகும். பலகையைக் கொஞ்சம் இறக்கிக் குளிர்ச்சியாக வைத்தால் ஆழம் கூடும்.

வரைபடங்களை ஆண்டு வரிசையில் அடுக்கியபோது எனக்கு விடை தெளிந்தது. அந்த ஃபெண்டர் ஆம்புகள் பிறந்த நாட்டில் வால்வு அன்று மளிகைச் சாமான் மாதிரி கிடைத்தது. மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் பெட்டி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கழற்றி அதே எண்ணுள்ள இன்னொன்றைப் போட்டால் பெரும்பாலும் வேலை நடந்தது. ரெசிஸ்டர் ஒன்றையே நம்பிச் சர்க்யூட்டை முடிக்க முடிந்தது. பிறகு அமெரிக்காவின் வால்வு ஆலைகள் மூடின. இன்றைய வால்வுகள் ரஷ்யாவின் சரடோவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. மேலே அதே 6வி6 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஒரே மைனஸ் வோல்ட்டில் ஒன்று 18 மில்லிஆம்பியர் இழுத்தால் இன்னொன்று 30 இழுக்கும். பழைய ரெசிஸ்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எனவே என் ஆம்பிலும் திருகை வைத்தேன். பயஸ் கெப்பாசிட்டரை முதலில் மாற்றினேன். அது வயதானாலே மைனஸ் வோல்ட் சரிந்துவிடும். இதன் பிளஸ் முனைதான் சேசிஸுக்குப் போக வேண்டும், பலர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். பழைய 22 கிலோஓம் ரெசிஸ்டரை எடுக்கவில்லை. அதோடு வரிசையாக, திருகினால் மதிப்பு மாறும் 25 கிலோஓம் டிரிம் பாட் ஒன்றைச் சேர்த்தேன். பாட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் கிரிட் மைனஸ் இல்லாமல் தவிக்காது. பாட்டின் நடு முனையை ஓர முனையோடு சேர்த்துப் பற்றவைத்ததால், உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் பயஸ் குளிர்ச்சிப் பக்கமே போகும், வால்வு பிழைக்கும்.

கணக்கு எளிது. 6வி6 தாங்குவது 12 வாட். ஃபிக்ஸ்டு பயஸில் அதன் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம், அது 8.4 வாட். என் ஆம்பின் பிளேட்டில் 400 வோல்ட். வகுத்தால் 21 மில்லிஆம்பியர். ஒவ்வொரு கேத்தோடுக்கும் கீழே ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மீட்டரில் தெரியும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர். இரண்டு வால்வும் 21-ஐ ஒட்டி நின்றன. இரண்டு மணி நேரம் வாசித்தேன். எந்தத் தகடும் சிவக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஆம்பைத் திறக்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிரை எடுக்கும். ரெசிஸ்டர் வைத்து அதை வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். பழக்கம் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, பயஸுக்கு ஒரு திருகு வைத்துத் தரச் சொல்லுங்கள்.