‘ராத்திரில யாருடி தூங்குவா?’

இரவு பஸ்ஸில் டிரைவரை நம்பித் தூங்கிவிடுகிறோம். நடுக்கடலில், இரண்டே பேர் இருக்கும் பாய்மரப் படகில் அது நடக்காது. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். காற்று திசை மாறுகிறதா, பாயைச் சுருக்க வேண்டுமா, தூரத்து விளக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால், அது நேராக நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம்!

ஐ.என்.எஸ்.வி. தாரிணி செய்திகளுக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டவை இவை. கடற்படை அதிகாரிகள் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் அந்த 56 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தது ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பியவர்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என நான்கு இடங்களில் நின்று, 2025 மே 29-ம் தேதி திரும்பினார்கள். காற்றை மட்டுமே நம்பி 25,000 கடல் மைல்களுக்கு மேல். வழியில் ‘பாயின்ட் நீமோ’வையும் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் கரைக்கு 2,600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் இடம் அது. ரூபா எங்கள் புதுச்சேரிப் பெண் என்பதில் எனக்குக் கூடுதல் பெருமை.

எங்கள் வீடு பாகூர் கொம்யூனில், பிள்ளையார்குப்பத்தில். ஆயா பிறந்தது கடலோரத்தில், பனித்திட்டில். தாரிணி வீடியோவை போனில் காட்டியபோது எல்லோரும் “பயமா இருக்காதா?” என்றார்கள். ஆயா மட்டும், “ரெண்டே பேருன்னா, ராத்திரில யாருடி தூங்குவா?” என்று கேட்டார்.

தாத்தா காலத்தில் கட்டுமரத்துக்கு இன்ஜின் கிடையாது. பின்னிரவில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாய் விரித்துக் கிளம்புவார்கள். பகலில் கடல்காற்று எழுந்ததும் அதே பாயில் திரும்புவார்கள். “ஒருத்தரு கண்ணசந்தா இன்னொருத்தரு பாயப் புடிச்சிக்குவாரு. அந்த நம்பிக்கை இல்லாதவங்கூட மரம் ஏற மாட்டாரு உங்க தாத்தா” என்றார் ஆயா. பெண்கள் மரம் ஏறியதில்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்றது அவர்கள்தான். தாத்தா கடலில் இருந்த ராத்திரிகளில் ஆயாவும் தூங்கியதில்லை.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வேறொரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு நைட் ஷிஃப்ட். முடியும்போது மணி இரண்டாகிவிடும். “பொம்பளப் புள்ளைக்கு இது என்ன வேலை? பகல் வேலையாப் பாரு, இல்லன்னா வுட்டுடு” என்பது அப்பாவின் தீர்ப்பு. எனக்கோ, டிப்ளமா முடித்து அலைந்து வாங்கிய முதல் வேலை. ஒரு வாரமாக நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆயா வீடியோவை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அப்பாவிடம், “ஒன்ன ராத்திரி வேலைக்கு அனுப்புனப்ப நான் முழிச்சிக்கினு இருந்தேன். இப்போ அவளுக்கு நீ முழிச்சிரேன்!” என்றார்.

அப்பா பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று இன்றுவரை சொன்னதும் இல்லை. ஆனால், நள்ளிரவு தாண்டி கேப் ஏறியதும் ‘கிளம்பிட்டேன்ப்பா’ என்று ஒரு மெசேஜ் போடுவேன். மறு நொடியே இரண்டு நீல டிக் விழும்.