தொட முடியாத ரவுட்டர்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு சிறு இணையச் சேவை நிலையத்தில் இரண்டு ரவுட்டர்களைச் சோடியாக ஏற்றிவிட்டு, சோதனைக்கு ஒரு மடிக்கணினியைச் செருகிப் பார்த்தேன். கேட்வேயின் மேக் முகவரி 00-00-5ஈ-00-01-0ஏ என்று வந்தது. இரண்டு பெட்டிகளின் அடியிலும் ஒட்டியிருந்த எண் அதுவல்ல. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீடுகளும் விடுதிகளும் நாள் முழுக்கப் பொதிகளை அனுப்பப்போவது, கையால் தொட முடியாத ஒரு ரவுட்டருக்கு. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் அந்த எண்ணிலேயே இருந்தது. 00-00-5ஈ எந்த உற்பத்தியாளருக்கும் உரியதல்ல. இணைய எண்களைப் பங்கிடும் ஐயானாவின் தொகுதி. கடைசியில் உள்ள 0ஏ, பதினறும எண்முறையில் நான் கொடுத்த குழு எண் 10. வி.ஆர்.ஆர்.பி. என்ற நெறிமுறைதான் இப்படி ஒரு முகவரியைக் கட்டுகிறது. அது 1998 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 2338 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. எழுதியவர்கள் நோக்கியா, டிஜிட்டல், ஐ.பி.எம்., மைக்ரோசொஃப்ட் எனப் பல நிறுவனத்தார். அதற்கு ஒரு மாதம் முந்தித்தான் சிஸ்கோ அதே வேலையைச் செய்யும் தன் எச்.எஸ்.ஆர்.பி.யை ஆர்.எஃப்.சி. 2281 ஆக வெளியிட்டிருந்தது. அந்த ஆவணத்திலேயே சிஸ்கோவின் காப்புரிமை எண் 5,473,599 குறிப்பிடப்பட்டிருக்கிறது. இந்தக் காப்புரிமை வி.ஆர்.ஆர்.பி.யையும் கட்டுப்படுத்தும் என்ற பிணக்கால்தான் ஓபன்பி.எஸ்.டி. குழுவினர் அதைத் தொடாமல், கார்ப் என்ற சொந்த நெறிமுறையை எழுதி 2004இல் வெளியிட்டார்கள். ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டிய ஒன்றுக்காக அவர்கள் பட்ட பாடு எனக்கு மதிப்பாகத்தான் படுகிறது.

ஆனால் என் கேள்விக்கான விடை இன்னும் பின்னால் இருந்தது. ஒரு கணினிக்கு நாம் கொடுப்பது ஒரே ஒரு கேட்வே முகவரி. அந்த ரவுட்டர் செத்தால், பக்கத்தில் இன்னொன்று உயிரோடு இருப்பது கணினிக்குத் தெரியாது. 1991இல் வந்த ஆர்.எஃப்.சி. 1256, ரவுட்டர்களே தங்களை அறிவிக்கட்டும் என்றது. அதன் இயல்பு அளவுகளில் ஓர் அறிவிப்பின் ஆயுள் 1800 விநாடி. செத்த ரவுட்டரைக் கணினி அரை மணி நேரம் நம்பிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் கணினியைத் திருத்தும் எண்ணத்தையே விட்டுவிட்டு, முகவரியை இரண்டு ரவுட்டர்களுக்கும் பொதுவாக்கினார்கள். முதன்மை ரவுட்டர் விநாடிக்கு ஒரு தரம் 'இருக்கிறேன்' என்று சொல்லும். மூன்று தரம் சத்தம் இல்லையென்றால், முன்னுரிமை 100 உள்ள மற்றது இன்னும் 0.6 விநாடி பொறுத்து அதே முகவரியை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 3.6 விநாடி. கணினிக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இவையெல்லாம் அலுவலக வலையமைப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புரோட்பாண்ட் சந்தாதாரரின் கதை வேறு. 1999 பெப்ரவரியில் வந்த பி.பி.பி.ஓ.ஈ. நெறிமுறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ரவுட்டரோடு தனித்தனி அமர்வு உண்டு. ரவுட்டர் போனால் அமர்வும் போகும். வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப அழைக்கும்போது, கடவுச்சொல் சரிபார்க்கும் ரேடியஸ் சேவையகம் திணறும். ஐ.பி.யைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. வழி இணைப்புகளிலும் கேட்வே முகவரி கைமாறினால் மட்டும் போதாது. எந்த வீட்டுக்கு எந்த ஐ.பி., எவ்வளவு வேகம் என்ற கணக்கு இரண்டாவது பெட்டியிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். நோக்கியாவின் எஸ்.ஆர். ரவுட்டர்களில் உள்ள எஸ்.ஆர்.ஆர்.பி., இந்தத் தேவைக்காகவே வி.ஆர்.ஆர்.பி.யின் மேல் கட்டப்பட்டது. கூடவே சந்தாதாரர் கணக்கை இரு பெட்டிகளுக்கும் இடையே ஒத்திசைக்கும் தனி ஏற்பாடும் அதில் உண்டு.

நான் வாசித்ததை எல்லாம் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த, அங்கே ஃபைபர் ஒட்டும் அண்ணை ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, பெட்டி உயிரோட நிக்குது, ஹபறணைப் பக்கம் கேபிள் அறுந்துபோச்சு. அப்ப என்ன செய்யும்?"

ஒன்றும் செய்யாது. முதன்மை ரவுட்டர் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே, வரும் பொதிகளை எல்லாம் வீசி எறியும். வி.ஆர்.ஆர்.பி.யின் மூல ஆவணம் பார்ப்பது ரவுட்டரின் உயிரை மட்டுமே. அதற்கு அப்பால் போகும் வழியை அல்ல. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறிய மாவட்டம் இது. இங்கே வழி அறுவதுதான் பெட்டி சாவதைவிடப் பெரிய பயம். மேல்வழியைக் கண்காணித்து முன்னுரிமையைக் குறைக்கும் வசதியை உற்பத்தியாளர்கள் தாங்களாகச் சேர்த்திருக்கிறார்கள். அதைப் போடாத சோடியை நான் சோடி என்றே கணக்கில் எடுக்க மாட்டேன்.

அண்ணையின் அடுத்த கேள்வி கரண்டைப் பற்றியது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதை யாரும் மறக்கவில்லை. இரண்டு பெட்டிகளும் ஒரே யு.பி.எஸ்.ஸில்தான் நின்றன.

முதல் ரவுட்டருக்கு முன்னுரிமை 120, இரண்டாவதற்கு 100 என்று போட்டேன். மேல்வழி அறுந்தால் முதலாவதில் 30 குறையும். அது மீண்டு வந்தாலும் 300 விநாடி கழித்தே முகவரியைத் திரும்ப எடுக்கும். அதற்குள் வழித்தடங்களும் சந்தாதாரர் கணக்கும் நிரம்பிவிட வேண்டும். இரண்டாவது பெட்டியின் மேல்வழியை மட்டக்களப்புப் பக்கத்துக் கேபிளுக்கு மாற்றிவிட்டு, மின்சாரத்துக்குத் தனி பற்றரி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.