சிறிய பள்ளியின் அறிவிப்புப் பலகை

பெரும்பாலான தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். பள்ளிச் செய்திகளும் மாணவர்களின் சாதனைகளும் அதில்தான் இடம்பெறும். நகரத்துப் பெரிய பள்ளியின் பலகைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ஒட்டப்பட்டிருக்கும் நிழற்படங்களைச் சற்று நேரம் பார்த்தால், அதே முகங்கள் மீண்டும் மீண்டும் வருவது தெரியும். கதை சொல்லும் போட்டியில் பரிசு வாங்கிய மாணவியே குறுக்கோட்டத்தில் சேறு படிந்த காலணியுடன் நிற்பாள். அடுத்த படத்தில் அவளே சதுரங்கப் பலகைக்கு முன் கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருப்பாள். கலை நிகழ்ச்சியில் மயில் வேடம் போட்டிருப்பவளும் அவள்தான். பல்துறைத் திறன் என்று ஆண்டறிக்கையில் இதை எழுதுவார்கள். அது பொய்யன்று. ஆனால், அவள் போகாவிட்டால் அந்தப் பள்ளியிலிருந்து அனுப்ப வேறு ஆள் இல்லை என்பதே முதற்காரணம்.

மலேசியாவில் இன்று 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. மாணவர் தொகை 150-ஐத் தாண்டாத பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளிகள் என வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த வகையைச் சேர்ந்தவை. சிலவற்றில் ஆறு ஆண்டுகளையும் சேர்த்தே முப்பது பேர்கூடத் தேற மாட்டார்கள்.

ஒரு பள்ளியில் 24 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக வகுப்புக்கு நால்வர். காற்பந்துக் குழுவுக்கு 11 பேர் வேண்டும். பள்ளியிலுள்ள ஆண்பிள்ளைகள் அனைவரையும் திரட்டினாலும், கோல் கம்பத்தின் பாதி உயரம்கூட இல்லாத முதலாம் ஆண்டு மாணவனைக் கோல் காவலராக நிறுத்த வேண்டியிருக்கும். வலைப்பந்துக்கு 7 மாணவியர் வேண்டும். ஆகவே, இத்தகைய பள்ளிகளில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் திறமையைப் பார்ப்பதற்கு முன் தலைகளை எண்ணுகிறார். சதுரங்கத்துக்கு ஒருவர் போதும். பூப்பந்துக்கு ஒருவர் அல்லது இருவர். செப்பாக் தக்ரா அணிக்கு மூவர். அஞ்சல் ஓட்டத்துக்கு நால்வர். அந்த நால்வரில் ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டால், அவ்வாண்டு அந்தப் பள்ளி அஞ்சல் ஓட்டத்தில் இல்லை.

இப்படிப் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது தோட்டப்பள்ளிகளுக்குப் புதிதன்று. அவற்றுள் பல பிறந்ததே ஓர் எண்ணிக்கையால்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பணித்தது. துரைமார்கள் பலர் சட்டத்திற்காகவே பள்ளி நடத்தினர். ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்திலோ கோவில் ஓரத்திலோ ஒரு கொட்டகை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ தொழிலாளியோ ஆசிரியர். விடியலில் தாயோடு பால்மரக் காட்டுக்குப் போய் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலர். நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் இத்தகைய பள்ளிகளையும் சேர்த்து 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன.

பின்னர், தோட்டத்திற்கு நேர்ந்ததெல்லாம் பள்ளிக்கும் நேர்ந்தது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அதைத் தடுக்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாள்தோறும் ஒவ்வொரு மரமாகச் சீவ வேண்டியிருந்த காட்டில் இப்போது அத்தனை கைகள் தேவைப்படவில்லை. இளையோர் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போயினர். லயத்து வீடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் குடியேறினர். சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறின. சீபோர்ட் தோட்டமும் மிட்லண்ட்ஸ் தோட்டமும் இன்று பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் நகரங்களுக்குள் பள்ளிப் பெயர்களாக வாழ்கின்றன. அவை நகரத்தின் மக்கள்தொகையோடு சேர்ந்துகொண்ட பள்ளிகள். செம்பனைக்கு நடுவிலேயே நின்றுவிட்ட பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அங்கே என்னதான் நடக்கிறது என்று வகுப்பறைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். மாணவர் தொகை மிகவும் குறைந்த பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்து விடுவார்கள். இடப்பக்கம் முதலாம் ஆண்டு, வலப்பக்கம் இரண்டாம் ஆண்டு. ஆசிரியர் ஒரு பக்கத்துக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கணிதம் கற்பிப்பார். எழுதி முடித்த சிறுவன் சும்மா இருப்பதில்லை. அவன் காது அடுத்த ஆண்டுப் பாடத்தில் இருக்கும். “டீச்சர், அது பதினெட்டு” என்று இடப்பக்கத்திலிருந்து குரல் வருவது அங்கே வழக்கம். தனக்குக் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லும் பழக்கம் இப்படித்தான் உண்டாகிறது. வலப்பக்கத்து மாணவிக்கும் தப்பிக்க வழியில்லை. “அக்கா, இது என்ன எழுத்து?” என்று கேட்கும் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நால்வர் மட்டுமே உள்ள வகுப்பில் ஆசிரியரின் கண்ணில் படாமல் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளவும் இயலாது.

இதைச் சொல்லும்போது குறையையும் மறைக்கக் கூடாது. இரண்டு பாடத்திட்டங்களை ஒரே நேரத்தில் சுமக்கும் ஆசிரியர், பெரிய பள்ளி ஆசிரியரைப் போலவே எல்லாக் கோப்புகளையும் பூர்த்தி செய்ய வேண்டும். பள்ளி சிறியதாக இருந்தாலும் நூலகம், பாடநூல், நலத்திட்டம், விளையாட்டு, பாதுகாப்பு என்று பொறுப்புகளின் பட்டியல் சிறியதாவதில்லை. ஏழெட்டு ஆசிரியர்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றனர். பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால், தன் வயதில் இன்னொரு பெண்பிள்ளையே இல்லாத வகுப்பில் ஆறாண்டு படிப்பது தனிமைதான். அறிவிப்புப் பலகையில் இதற்கு இடமில்லை.

சாதனையை அளக்கும் கோலும் சிறிய பள்ளிக்கு முரண்டு பிடிக்கும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988 முதல் 2019 வரை நடைபெற்றது. அந்த ஆண்டுகளில் பள்ளிகளை விழுக்காட்டால் ஒப்பிடுவது எல்லாருக்கும் பழகிப் போயிருந்தது. நூறு பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 99 விழுக்காடு. யாரும் கவனிக்க மாட்டார்கள். நால்வர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 75 விழுக்காடு. சரிந்துவிட்டது என்று பேச்சு வரும். அடுத்த ஆண்டு மூவர் எழுதி மூவரும் தேறினால் 100 விழுக்காடு; மாநிலத்தின் சிறந்த பள்ளிகளுள் ஒன்று என்று மாலை விழும். பள்ளி அந்த ஓராண்டில் தாழவுமில்லை, உயரவுமில்லை. ஒரு பிள்ளை வேறு ஒரு பிள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபோது சிறிய பள்ளிகளின் ஆசிரியர்கள் பலர் நிம்மதி அடைந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆயினும், மாலை விழுந்த ஆண்டுகளில் பெற்றோர் அந்தப் பள்ளியைத் தேடி வந்தார்கள் என்பதும் உண்மை.

தேர்வு போன பிறகு போட்டிகளின் மதிப்புக் கூடியிருக்கிறது. மாவட்டப் போட்டிக்குப் புறப்படும் நாளை எந்தத் தோட்டப்பள்ளி மாணவரும் மறக்க மாட்டார். பேருந்து வராத இடம் என்பதால் ஆசிரியரின் சொந்தக் கார்தான் வாகனம். இருட்டோடு புறப்பட வேண்டும். செம்மண் சாலையில் மழைநீர் தேங்கியிருந்தால் முந்திய நாளே வழியை மாற்றித் திட்டமிட்டிருப்பார்கள். பின்னிருக்கையில் மூன்று மாணவர்கள், மடியில் வேட்டியும் தலைப்பாகையும் வைத்த பை, வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக். போட்டி நடக்கும் பள்ளியை அடைந்ததும் அங்குள்ள மண்டபத்தைப் பார்த்துப் பிள்ளைகளின் குரல் இறங்கிவிடும். அவர்கள் பள்ளியில் சபைகூடல் என்றால் இருபது முப்பது பேர். இங்கே பார்வையாளர் வரிசையில் மட்டும் இருநூறு பேர். ஒலிவாங்கியை இதற்கு முன் பிடித்திராத கையில் ஒலிவாங்கி. கதையின் முதல் வரியிலேயே நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அடுத்த ஆண்டும் அதே பிள்ளையைத்தான் அனுப்புவார்கள், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. இரண்டாம் முறை அவள் நிற்பதில்லை. பெரிய பள்ளியில் முதல் ஆண்டிலேயே அவளை மாற்றியிருப்பார்கள்.

அறிவியல் போட்டிகளில் வேறொரு வசதி இவர்களுக்கு இருக்கிறது. ஆய்வுப் பொருளைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பால்மரத்திலிருந்து வடியும் வெண்மையான பாலை அப்படியே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும். காற்றிலும் மங்கிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் பெருகி அமிலத்தை உண்டாக்குவதே காரணம். அம்மோனியா சேர்த்தால் பால் நீர்மமாகவே இருக்கும். ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் விரைவில் உறையும். பாடநூலில் அமிலமும் காரமும் வருவதற்கு முன்பே, தோட்டத்துப் பேரன் இதைப் பாட்டியிடம் கேட்டிருப்பான். “மருந்து ஊத்தலைன்னா ஸ்டோருக்குக் கொண்டு போறதுக்குள்ள பால் கட்டிப் போயிடும்யா” என்று நாற்பதாண்டு பால்மரம் சீவிய பாட்டி சொல்லுவார். ஆசிரியரின் வேலை, அந்தப் பேச்சை ஆய்வுக் கேள்வியாக மாற்றுவது: எத்தனை துளி, எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலை? ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லும் நீதிபதிகளுக்கு முன் அந்தப் பேரன் தடுமாறலாம். ஆனால், ‘இதை நீயே செய்து பார்த்தாயா?’ என்ற கேள்விக்குத் தடுமாற மாட்டான்.

வெற்றி பெற்றுத் திரும்பினால் தமிழ் நாளிதழில் ஒரு படமும் நான்கு வரிச் செய்தியும் வரும். அந்த வெட்டுத்துண்டைப் பலகையில் ஒட்டுவார்கள். புலனக் குழுக்களிலும் பகிர்வார்கள். இதில் பெருமை மட்டுமன்று, கணக்கும் இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பதிவுக் காலத்தில் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் சுற்றுவட்டாரத் தாமான்களில் வீடு வீடாக ஏறி இறங்குவர். “இவ்வளவு சின்னப் பள்ளியில் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும், ஐயா?” என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குச் சொற்பொழிவால் விடை கூற முடியாது. கைப்பேசியில் அந்த நாளிதழ்ப் படத்தைத் திறந்து காட்டலாம். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது பட்டணத்தில் வாழும் பெற்றோர் சிலர், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பழைய பள்ளிக்கே கொண்டுவந்து விடுகின்றனர். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வேன் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஒரு பிள்ளை கூடினால் அது பெரிய பள்ளிக்குச் செய்தியன்று; இங்கே அது கோப்பையை விடப் பெரிய செய்தி. ஆனால், அதையும் பலகையில் ஒட்டும் வழக்கம் இல்லை.

ஆறாம் ஆண்டு முடித்த நால்வரும் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது எண்ணிக்கை மறுபடியும் குறுக்கே நிற்கும். அங்கே ஒரு வகுப்பில் மட்டும் முப்பது நாற்பது பேர். அந்த நால்வரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள் என்ற உறுதி இல்லை. தமிழைத் தொடர்ந்து படிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. நால்வரால் அது ஆகாது. ஆனால், அந்த வட்டாரத்தில் செம்பனைக்குள் இன்னும் மூன்று சிறிய பள்ளிகள் இருக்கும். ஒன்றிலிருந்து ஐவர், ஒன்றிலிருந்து மூவர், இன்னொன்றிலிருந்து இருவர் அதே இடைநிலைப்பள்ளிக்கு வருவார்கள். மொத்தம் 14. பள்ளித் தவணை தொடங்கும் வாரத்தில் அந்த நான்கு பள்ளிகளின் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, மேற்படிவங்களில் எத்தனை தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள், யாருடைய பெற்றோரை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.