ஸ்பீக்கருக்குள் ஒரு மடை: ஆக்டிவா, பாசிவா?

தவில் அதிர வேண்டும், ஜால்ரா கணீரென்று ஒலிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோனால் நன்றாகச் செய்ய முடியாது. அதனால்தான் பல ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரிய வூஃபர் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று. தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் மடைதான் கிராஸ்ஓவர். பிரிக்காமல் விட்டால், ட்வீட்டர் எரிந்துபோகக்கூடும்.

எந்த இடத்தில் பிரிப்பது? இதில்தான் இரண்டு கட்சி.

பாசிவ் முறையில், ஆம்ப்ளிஃபையரைத் தாண்டிய பிறகு பிரிவினை. ஒரே மோட்டார் இறைத்த தண்ணீரை மடை வைத்துத் திருப்புவது மாதிரி. காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர் போதும். ஆனால், கொஞ்சம் சக்தி சூடாக வீணாகும். ஆக்டிவ் முறையில், முதலிலேயே பிரித்துவிட்டு, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர். வயலுக்கு ஒரு மோட்டார்! எதை எங்கே பிரிப்பது என்பதைத் துல்லியமாக அமைக்கலாம். செலவும் கூடும்.

ஓர் அப்பாவுக்கும் மகனுக்கும் இதில் நெடுநாள் வழக்கு. அப்பாவிடம் பழைய பாசிவ் ஜோடி. மகன் முதல் சம்பளத்தில் வாங்கியது ஆக்டிவ். குறைந்த சத்தத்திலும் பாட்டு வரிகள் தெளிவாகக் கேட்கின்றன என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். பல பெட்டிகளில் பிரிவினை நடப்பது 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. அங்கே பிசகினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு அப்பாவின் ஸ்பீக்கர் மங்கியது. போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. மெக்கானிக் திறந்து பார்த்து, வயதான கெபாசிட்டர்களை மாற்றினார். "இனி கவலை இல்ல சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். கொஞ்ச நாளில் மகனுடையதும் நின்றது. அதே மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "வூஃபர், ட்வீட்டர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளே ஆம்ப்ளிஃபையர் போர்டு போச்சு. இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது." நல்ல ஒலி தந்த பெட்டி, ஒரு போர்டு இல்லாமல் பரணுக்குப் போனது.

இந்த வழக்கில் அவர்கள் தனி ஆள் இல்லை. 1970களில் பி.பி.சி, ஒலிபரப்பு வேன்களுக்காக ஓர் அடி உயரத்தில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கர் பாசிவ். ஃபின்லாந்தின் பொது வானொலிக்காக 1978ல் ஜெனெலெக் செய்த எஸ்30 ஆக்டிவ். இரண்டுமே பெயர் வாங்கின.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரன்ட் ப்ளக் இருந்தாலே ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்று அர்த்தமில்லை. ஜோடியில் ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபையர் இருந்து, வூஃபர், ட்வீட்டர் இரண்டும் உள்ள அடுத்த பெட்டிக்கு இரண்டு கம்பி ஒயர் மட்டும் போனால், அங்கே உள்ளே பிரிப்பது பாசிவ் கிராஸ்ஓவர்தான். ஆக்டிவ் விலை கொடுக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

உண்மையான ஆக்டிவ்தான் என்றால், பாட்டுப் போட்டுக் கேட்டதோடு நிறுத்தாமல் கடைக்காரரிடம் இதையும் கேட்டுவிடலாம்: "இதோட போர்டு போனா, அஞ்சு வருஷம் கழிச்சும் கிடைக்குமா அண்ணே?"