சிவாஜிநகரில் ஒரு குடிக்கூலி வீடு

ஜோலார்ப்பேட்டையிலிருந்து மாற்றலாகிப் பெங்களூருக்கு வந்த எங்களுக்கு இரயில்வே குடியிருப்பில் இடம் கிடைக்கவில்லை. கண்டோன்மெண்ட் நிலையத்துக்கு நடந்தே செல்லலாம் என்றெண்ணிச் சிவாஜிநகரில் வீடு தேடினோம்.

முன்னாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட பகுதி இது. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, படையினரோடு வணிகரும் தொழிலாளருமாகத் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து இருப்புப்பாதையும் வந்துவிட்டது. ஆகவே, நாங்கள் வந்தது நம்மவர் நெடுங்காலமாக வந்த வழியே. ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் தமிழில் விலை சொன்னபோது, பாதி ஊர் சேர்ந்துவிட்ட நிம்மதி உண்டாயிற்று.

வீடு கிடைப்பதோ அத்துணை எளிதாயில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மார்க்கெட்டுக்குப் பின்னுள்ள சந்துகளில் அலைந்தோம். ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு, வாடகை பன்னிரண்டாயிரம். வாடகையைச் சமாளிக்கலாம், அட்வான்ஸ்தான் மலைக்கச் செய்தது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதமே உச்சவரம்பு என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே.

அப்போது ஒரு தரகர் போகியத்துக்கு வீடு காட்டினார். ஐந்து லட்சம் கொடுத்தால் மூன்றாண்டு வாடகையில்லை; காலம் முடிந்ததும் முழுப்பணமும் திரும்பும் என்றார். சேமநிதிக் கடனும் மனைவியின் நகைகளும் சேர்த்தால் கணக்குச் சரியாக வந்தது. மறுநாளே பணம் கட்டத் துணிந்தோம்.

“வீட்டின் மேல் வேறு கடன் உண்டா என்று விசாரித்தீர்களா?” என்றாள் மனைவி.

சார்பதிவாளர் அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி வில்லங்கச் சான்று பெற்றோம். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தது! கடன் தவறி வங்கி வீட்டை விற்றிருந்தால், எங்கள் பணத்துக்காக எத்தனை ஆண்டு நீதிமன்றப் படியேறியிருப்போமோ! நகைகள் பெட்டிக்குத் திரும்பின.

இறுதியில், மரியன்னை பேராலயத்துக்கு அருகே ஒரு மாடிப் பகுதி அமைந்தது. வீட்டுக்கார அம்மாள் உருது பேசுபவர். எங்களோடு தமிழிலேயே பேசினார். எங்கள் நிலையைக் கேட்டு ஆறு மாத அட்வான்சுக்கு இசைந்தார். படி செங்குத்து, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், இரவில் அச்சமின்றி உறங்குகிறோம்.

புதிதாக வரும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்தால் சில சொல்வோம். அட்வான்சுக்கு ரசீது பெறுங்கள். வெள்ளையடிக்கும் செலவென்று காலி செய்கையில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமாயின் பதிவு செய்யுங்கள். போகியமாயின் வில்லங்கச் சான்று பாராமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

வீடு தேடி இப்பக்கம் வருவோர் எங்கள் மாடிக்கும் வருக; காபி அருந்திவிட்டுச் சேர்ந்தே தேடுவோம்.