அளந்த மலையும் அளக்கும் மலையும்

மலையைப்பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த எண்ணம் இருவகைத்து. மலை தெய்வம் உறையும் இடம் என்பது ஒன்று. மலை ஆற்றுக்கும் வயலுக்கும் தாய் என்பது மற்றொன்று. மேனாட்டார் வருகைக்குப்பின் மூன்றாவதோர் எண்ணமும் நம்மிடையே வேரூன்றிற்று. மலை அளக்கத்தக்க பொருள் என்பதே அது. இம்மூன்றாவது எண்ணம் நம் நாட்டில் பேருருக் கொண்டது நம் சென்னையருகே என்பதை மாணவருட் பலர் அறியார். ஆதலின், இமயத்தில் நான் செய்த கால்நடைப் பயணத்தைக் கூறப் புகுமுன், அடையாற்றுக்குத் தெற்கே நிற்கும் ஒரு சிறு குன்றைப்பற்றிச் சில சொற்கள் கூறுதல் பொருத்தமாகும்.

அக்குன்று பரங்கிமலை. அதன் உயரம் ஏறத்தாழ 300 அடியே. தோமையார் என்னும் அடியார் அங்கே உயிர் நீத்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அதன்மேல் ஏறுதற்குப் படிகள் அமைத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்தவரும் அவரே. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் அக்குன்றின் அடிவாரத்துச் சமவெளியில், 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக்கொண்டு, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். அவ்வொரு கோட்டை அளப்பதற்கு 57 நாட்கள் ஆயின. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அன்றோ? அங்ஙனம் முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு அவ்வளவை வேலை வடக்கு நோக்கிச் சென்றது. கொடி பிடித்தவரும் சுமை தூக்கியவருமாகிய எத்தனையோ எளிய மக்கள் வழியிற் காய்ச்சலுக்கு இரையாயினர். லாம்டன் 1823-இல் பணியிலிருக்கும்போதே மறைந்தார். அவருக்குப்பின் வேலையை ஏற்று நடத்தியவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

அளவைக்காரர் இமயத்தின் அடிவாரத்தை அடைந்தபோது நேபாள அரசு அவர்களை உள்ளே புகவிடவில்லை. ஆகவே, நூறு மைலுக்கு அப்பாலிருந்துகொண்டே தூரதரிசினிகளால் சிகரங்களைப் பார்த்துக் கோணங்களைக் குறித்தனர். அக்குறிப்புக்களைக்கொண்டு 1852-இல் பதினைந்தாம் எண்ணுள்ள சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று கணித்தவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என்று வெளியிட்டனர். 1865-இல் அதற்கு எவரெஸ்ட் என்று பெயரிட்டனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நேபாளமும் சீனமும் சேர்ந்து வெளியிட்ட உயரம் 8,848.86 மீட்டர். இதனை அடிக்கணக்கில் மாற்றினால், பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 30 அடியே. மலையில் கால் வையாமலே அதனை இவ்வளவு நுட்பமாக அளந்தவர்களின் பொறுமையை எண்ணுந்தோறும் வியப்பே உண்டாகிறது.

இவ்வரலாற்றை எனக்கு முதன்முதல் கூறியவர் என் நண்பர் ஒருவர். நம் கல்லூரியில் என்னுடன் பயின்றவர். இப்போது தியாகராய நகரில் வாழ்கிறவர். முப்பது ஆண்டுகள் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் இமயமலையைப் பல நூறு முறை வரைந்தவர். ஒரு முறையேனும் அதனைக் கண்டவரல்லர். "பார்க்காத ஊருக்கு முப்பது வருஷம் வழி சொன்னேன், ஒரு தடவையாவது அந்த வழியில் நடக்க வேண்டாமா?" என்று அவர் கேட்டபோது என்னால் மறுக்க இயலவில்லை. எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம் வரையிற் செல்வது என்று இருவரும் உறுதி செய்தோம்.

ஆறு திங்கள் உடலைப் பயிற்றினோம். மயிலையிலிருந்து சாந்தோம் வழியாக அடையாற்றுப் பாலத்தைக் கடந்து எலியட்ஸ் கடற்கரை வரையில் வைகறையில் நடப்போம். ஞாயிறுதோறும் முதுகில் புத்தக மூட்டையுடன் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்குவோம். கால்கள் வலிமை பெற்றன. ஆனால் கடற்கரையில் வாழ்வோர் எவ்வளவு முயன்றாலும் பழகிக்கொள்ள முடியாத பொருள் ஒன்றுண்டு. அது மலைமேலுள்ள மெல்லிய காற்று. 5,364 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமில், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள பிராணவாயு மயிலாப்பூரில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறு விமானமொன்று எங்களை லுக்லா என்னும் ஊரில் இறக்கிற்று. அவ்வூர் 2,860 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்குள்ள ஓடுபாதை மலைச்சரிவில் சாய்வாக அமைந்தது. அதன் நீளம் 527 மீட்டரே. அதற்கப்பால் வண்டிப்பாதை கிடையாது. உப்பும் அரிசியும், வீடு கட்டும் பலகையும் மனிதர் முதுகிலோ, கோவேறு கழுதை, யாக் மாடுகளின் முதுகிலோதான் செல்லவேண்டும். சுமைகாரர்கள் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, தம் உடலெடைக்கு ஏறக்குறைய நிகரான பாரத்தைச் சுமக்கின்றனர். கையில் வைத்திருக்கும் குட்டையான தடியை முதுகுக்குப் பின்னே ஊன்றி, அதன்மேற் சுமையை நிறுத்தி நின்றபடியே இளைப்பாறுகின்றனர். வழியில் அவர்களுக்கென்றே கட்டிய கல் திண்ணைகளைக் கண்டபோது நம் நாட்டுச் சாலையோரச் சுமைதாங்கிகள் என் நினைவுக்கு வந்தன. அவர்கள் சிறிது தூரம் நடப்பர், நிற்பர், மீண்டும் நடப்பர், விரைந்து கண்டதில்லை. எங்கள் வழிகாட்டியாகிய ஷெர்ப்பா இளைஞரும் ஓயாமற் கூறிய சொல் 'பிஸ்தாரி' என்பதே. மெள்ளச் செல்க என்பது அதன் பொருள்.

பால் போல் நுரைத்தோடும் தூத்கோசி ஆற்றைத் தொங்குபாலங்களால் பலமுறை கடந்து இரண்டாம் நாள் மாலை நாம்சே என்னும் சந்தையூரை அடைந்தோம். குதிரை லாடம் போல் வளைந்த மலைச்சரிவில் படிப்படியாக வீடுகள் அமைந்த ஊர் அது. உயரம் 3,440 மீட்டர். வழியெங்கும் மந்திரம் பொறித்த கற்களாலான நீண்ட சுவர்கள் உண்டு. அவற்றைத் தம் வலப்புறத்தே வைத்துக் கடப்பது அந்நாட்டு மரபு. நாம் கோயிலை வலம்வருவது போன்றதே அதுவும். ஒரு நாள் அங்கே தங்கி, மேலேயுள்ள கும்ஜுங் என்னும் கிராமத்துக்குச் சென்று திரும்பினோம். எவரெஸ்ட் சிகரத்தை 1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் டென்சிங்குடன் அடைந்த ஹில்லாரி, 1961-இல் ஷெர்ப்பா மக்களுக்காக நிறுவிய பள்ளிக்கூடம் அவ்வூரில் இருக்கிறது. என் நண்பர் அதன் வாயிலில் நெடுநேரம் நின்றார். "இந்தப் பிள்ளைகளுக்கு இமயத்தை வரைந்து காட்ட வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும்," என்றார்.

அடுத்த நாள் தெங்போச்சே மடத்தை அடைந்தோம். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் 1989-ஆம் ஆண்டுத் தீயிலும் அழிந்து, இருமுறையும் மீண்டும் எழுந்த புத்த மடம் அது. மடத்தின் முற்றத்திலிருந்து, மாலை வெயிலில், முன்னே நின்ற மதிலனைய மலைத்தொடருக்குப் பின்னால் எவரெஸ்ட்டின் கருந்தலை தெரிந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தங்கி இளைப்பாறவும் வேண்டும். இது மலை மருத்துவர் விதி. அதன்படியே 4,410 மீட்டர் உயரமுள்ள திங்போச்சேயில் இரண்டு இரவு தங்கி, ஏழாம் நாள் லோபூச்சே நோக்கி ஏறினோம். துக்லா என்னும் இடத்துக்கு மேலே, மலையில் மாண்டவர் நினைவாக எழுப்பிய கற்குவியல்கள் வரிசையாக நிற்கின்றன. அவர்களுட் பலர் பிறருக்காகச் சுமை தூக்கியும் வழியமைத்தும் உயிர் நீத்த ஷெர்ப்பா மக்கள். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அடிவார முகாமுக்கு மேலேயுள்ள பனியருவியில் பனிச்சரிவு வீழ்ந்து, நேபாளத் தொழிலாளர் 16 பேர் ஒரே நாளில் மாண்டனர். அவ்விடத்தில் எங்களுடன் நடந்தோர் யாவரும் தாமே குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

லோபூச்சேயின் உயரம் 4,940 மீட்டர். முகாமுக்கு இன்னும் ஒரு நாள் நடையே எஞ்சியிருந்தது. அன்று மாலை நண்பர் தலைவலிக்கிறது என்றார். உணவைக் கண்டதும் வாந்தி எடுத்தார். மலையேறுவோர் பலருக்கும் இவை வருவதுண்டு. ஆனால் ஏழு மணிக்கு எழுந்து வெளியே செல்ல முயன்றபோது, மதுவுண்டவர் போல் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி அதனைக் கண்டார். தரையிலிருந்த நீண்ட பலகையொன்றைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடுமாறு அதன்மேல் நடக்கச் சொன்னார். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் நேர்கோடு இழுத்த மனிதரால் அந்தக் கோட்டின்மேல் மூன்றடி நடக்க முடியவில்லை.

"காலையில் சரியாகிவிடும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு யாராவது திரும்புவார்களா?" என்றார் நண்பர். அவர் குரலில் இருந்தது பிடிவாதமன்று; கெஞ்சுதல். வழிகாட்டி என் பக்கம் திரும்பினார். தள்ளாட்டம் வந்துவிட்டால் அது மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி என்றும், காலைவரை காத்திருந்தால் அவர் எழாமலே போகலாம் என்றும், இதற்கு முதல் மருந்து கீழே இறங்குதலே என்றும் உடைந்த இந்தியில் தெளிவாகக் கூறினார். நண்பர் உடனே, "அப்படியானால் நான் இவரோடு இறங்குகிறேன். நீ சுமைகாரரோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வா. வந்து எனக்குச் சொல்," என்றார்.

அவர் கூறியது நடக்கக்கூடாததன்று. ஆயினும் அந்த இரவில் அவருக்கு வழிகாட்டி ஒரு பக்கமும் இன்னொருவர் மறு பக்கமும் தாங்கவேண்டியிருந்தது. நான் மூட்டையைக் கட்டினேன். நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, கற்களில் உறைந்த பனி வழுக்க, அவரை இரு தோள்களிலும் தாங்கி நான்கு மணி நேரம் இறங்கினோம். துக்லாவின் கற்குவியல்களை இருளில் மறுபடியும் கடந்தபோது ஒருவரும் விளக்கை அப்பக்கம் திருப்பவில்லை. நள்ளிரவில் 4,371 மீட்டர் உயரமுள்ள பெரிச்சே என்னும் ஊரை அடைந்தோம். அங்கே 1973 முதல் இமய மீட்புச் சங்கத்தார் மலைநோய்க்கென்று மருத்துவ நிலையமொன்றை நடத்திவருகின்றனர். பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் தொண்டர்களாக வந்து அங்கே பணிபுரிகின்றனர். பிராணவாயுவும் மருந்தும் கொடுத்தனர். விடியும்போது நண்பர் தம் பெயரையும் கிழமையையும் தடையின்றிச் சொன்னார். மூன்றாம் நாள் அதே பலகைச் சோதனையில் பிறழாமல் நடந்தார். ஆனால் மேலே செல்ல மருத்துவர் இடங்கொடுக்கவில்லை.

இறங்கும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசாது வந்தார். தெங்போச்சே முற்றத்தில் மீண்டும் நின்றபோது வழிகாட்டி ஒரு செய்தி சொன்னார். அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் சிகரம் தெரியாதாம். அண்டையிலுள்ள மலைத்தோள் அதனை மறைத்துவிடுமாம். அதைக் கேட்டு நண்பர் சிரித்துவிட்டார். "இது புத்தகத்திலேயே இருக்கிறது, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தூரத்தில் நின்றவன்தான் மலையை முழுக்கப் பார்க்கிறான்," என்றார். சென்னையிலிருந்து புறப்பட்டு நூறு மைல் தொலைவில் நின்று அளந்தவர்களை அவர் எண்ணியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

சிகரத்தை அடைதல் சிறிய செயல் என்று நான் கூறவில்லை. அதே 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் கோவளத்தைச் சேர்ந்த அலைச்சறுக்குப் பயிற்சியாளர் இராஜசேகர் பச்சையும், முத்தமிழ்ச்செல்வி என்னும் வீராங்கனையும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தனர். தமிழ்நாட்டுப் பெண்களுள் அச்சிகரத்தில் முதன்முதல் கால் வைத்தவர் முத்தமிழ்ச்செல்வியே. அவர்கள் ஆற்றலை நாம் போற்றக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் மலையின் உயரம் எல்லாருக்கும் ஒன்று; அதனைத் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேறு. மலையின் அளவைப் பலர் கூடி ஐம்பது ஆண்டு உழைத்துக் கணித்து நம் கையில் கொடுத்துவிட்டனர். நம் அளவையோ மலைதான் அளந்து சொல்லவேண்டும். அது சொல்லும்போது செவிகொடுத்தல் நம் கடமை.

இக்காலத்தில் நம் கல்லூரி மாணவர் பலரும் விடுமுறையில் இமயப் பாதைகளுக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு மூத்த மாணவன் என்ற உரிமையில் மூன்று சொற்கள் கூறி முடிக்கிறேன். தலைவலி வந்தால் தோழரிடம் மறைக்காதீர்கள். அது தீரும்வரை ஓரடியும் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அந்நேரமே, நள்ளிரவானாலும், நோயுற்றவரைத் தனியே விடாமல் கீழே இறங்குங்கள். முகாம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். என் நண்பர் இன்றும் மாலைதோறும் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் நேராக நடந்து செல்கிறார். அந்நடையைக் காணும்போதெல்லாம், நாங்கள் அடையாத இடத்தைப்பற்றி எனக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை.