ரேடியேட்டர் இல்லாத பைக்கும் சஹாரா பாலைவனமும்

ஒரு பைக்கின் ஸ்பெசிஃபிகேஷன் தாள் கையில் கிடைத்தால் முதலில் சிசி, அப்புறம் குதிரைத்திறன், கடைசியாக மைலேஜ் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள் (நம்ம ஊரில் இந்த வரிசை தலைகீழ்). யமஹா எக்ஸ்டி 500 என்ற பைக்கின் தாளை அப்படிப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். 499 சிசி, ஒரே ஒரு சிலிண்டர், சுமார் 30 குதிரைத்திறன். கல்லூரி வாசலில் பசங்க நிறுத்தி வைக்கிற 373 சிசி கேடிஎம் டியூக் இதைவிடப் பத்துக்கும் மேல் அதிகம் தருகிறது, முக்கால் பங்கு இன்ஜினை வைத்துக்கொண்டு.

இன்னும் கீழே படித்தால் ஏமாற்றம் கூடும். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. டிஸ்க் பிரேக் கிடையாது, இரண்டு சக்கரத்திலும் டிரம்தான். ரேடியேட்டர், தண்ணீர் பம்பு எதுவும் கிடையாது. 12 வோல்ட் கூட இல்லை, வெறும் 6 வோல்ட். பெட்ரோல் டேங்க் ஒன்பது லிட்டருக்கும் குறைவு. இந்த வண்டிதான் 1979-இல் முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை ஜெயித்தது, கார்களையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளி. எப்படி என்று கேட்டால், மேலே "கிடையாது" என்று வந்ததில் பாதி விஷயங்கள்தான் காரணம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. என்டியூரோ என்றால் காட்டிலும் மேட்டிலும் நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கிற வண்டி. ஆனால் மோட்டோகிராஸ் வண்டி மாதிரி லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து ரோட்டிலேயே ஓட்டிப்போய் மண்பாதையில் இறங்கலாம். 1968-இல் யமஹா டிடி-1 என்ற 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியை அமெரிக்காவில் இறக்கி இந்தச் சந்தையைப் பெரிதாகத் திறந்துவிட்டது. லேசான வண்டி, நல்ல இழுவை, விலையும் குறைவு.

டூ ஸ்ட்ரோக்கின் சங்கடம் நமக்குப் புதிதல்ல. டிவிஎஸ் 50-க்குப் பங்கில் ஆயில் கலந்து அடித்தவர்களுக்குத் தெரியும். ஆயிலையும் எரிக்கும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். கலிஃபோர்னியா பாலைவனத்தில் நாள் முழுக்கச் சுற்றுகிறவனுக்கு அது போதவில்லை. அவனுக்கு வேண்டியது அடியிலிருந்தே நிதானமாக இழுக்கிற ஒரு பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிள். அதைச் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கம்பெனிகள் 70-களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. காலியான அந்த இடத்துக்குத்தான் 1975-இல் அறிமுகமாகி 1976 மாடலாக வந்தது எக்ஸ்டி 500.

இனி அந்த இன்ஜின்.

சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84. ஹெட்டில் ஒரே கேம்ஷாஃப்ட், இரண்டே வால்வு. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள், மெக்கானிக்குகள் ஃபின்ஸ் என்பார்களே, அவை. உள்ளே பெட்ரோல் எரிந்து வரும் சூடு அலுமினியம் வழியாக இந்தத் தகடுகளுக்குப் பரவும், ஓடுகிற காற்று அதை வாங்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான் கூலிங் சிஸ்டம். சிலிண்டர் ஒன்றே என்பதால் காற்று நேராக வந்து மோதுகிறது. பின்னால் ஒளிந்துகொண்டு வேகிற இன்னொரு சிலிண்டர் இல்லை.

இரண்டே வால்வு என்பதையும் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. நான்கு வால்வு வைத்தால் காற்றும் பெட்ரோலும் அதிகம் உள்ளே போகும், பவர் கூடும், உண்மைதான். ஆனால் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள குறுகலான உலோகப் பாலம்தான் ஹெட்டிலேயே அதிகம் சூடாகிற இடம். தண்ணீர் ஓடும் இன்ஜினில் அந்தப் பாலத்தின் பக்கத்திலேயே தண்ணீர்ப் பாதை போட்டுச் சூட்டை இழுத்துவிடலாம். காற்றை மட்டும் நம்பியிருக்கிற இன்ஜினுக்கு அந்த வசதி இல்லை. இரண்டே வால்வு என்றால் அந்தப் பாலமே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட அழகான வேலை ஆயிலில் இருக்கிறது. வழக்கமான பைக்குகளில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டியில் கிடக்கும். எக்ஸ்டி 500-இல் ஆயிலைச் சேஸிஸ் குழாய்க்குள்ளேயே ஊற்றி வைத்தார்கள்! மூடி ஹேண்டில் பாருக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இதனால் கிடைத்த லாபங்களைப் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் தொட்டி இல்லாததால் இன்ஜினை உயரம் கூட்டாமலே தரையிலிருந்து தள்ளி வைக்கலாம், பாறையில் இடிக்காது. தனி ஆயில் டேங்க் வேண்டாம். காற்றில் நிற்கிற அந்த நீளமான இரும்புக் குழாயே ஆயிலைக் கொஞ்சம் ஆற்றியும் கொடுக்கும். ஒரே குழாய்க்கு மூன்று வேலை. காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே வைக்கலாம்.

(ஆனால் அவ்வளவு யோசித்தவர்கள் சைலன்சர் குழாயை மட்டும் ஆரம்ப மாடலில் இன்ஜினுக்கு அடியில் கொண்டுபோனார்கள். கல்லில் அடிபட்டது. அப்புறம் மேலே ஏற்றிவிட்டார்கள்.)

ஸ்டார்ட் பண்ணுவது ஒரு சடங்கு. பழைய புல்லட்டில் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துவார்கள் இல்லையா, அதே கதைதான். இங்கே முள்ளுக்குப் பதில் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் அந்த ஜன்னலில் ஒரு அடையாளம் தெரியும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரே மிதி. அவசரப்பட்டு அரை மனதோடு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்காலுக்குப் பிரச்சினை. பொறியைக் கொடுப்பது கிராங்கோடு சுற்றும் மேக்னெட்டோ என்பதால் பேட்டரி செத்துப்போனாலும் வண்டி கிளம்பும். அந்த 6 வோல்ட் ஹெட்லைட்டுக்கு மட்டும் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. இரவில் பரிதாபமாக இருக்கும்.

ஜெர்மனியில் இதே வண்டியை 27 குதிரைத்திறனுக்குக் குறைத்து விற்றார்கள். இன்ஜினில் கோளாறு ஒன்றும் இல்லை. அங்கே அப்போது இன்ஷூரன்ஸ் கட்டணம் குதிரைத்திறனை வைத்துப் படிப்படியாக ஏறும். 27 என்பது ஒரு படியின் எல்லை. ஸ்பெசிஃபிகேஷன் தாளில் உள்ள எண்களை எல்லாம் இன்ஜினியர்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தத் தகவல்.

சரி, சஹாராவுக்கு வருவோம். 1977 ஜனவரியில் அபிஜான்-நீஸ் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த தியெரி சபின் என்ற பிரெஞ்சுக்காரர் லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். அவர் ஓட்டியது எக்ஸ்டி 500. நாட்கணக்கில் தண்ணீர் இல்லாமல் மணலில் அலைந்தவரை ஒருவழியாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வேறு யாராவது என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இந்த மனுஷன் ஊர் திரும்பி, பாரிஸிலிருந்து டக்கார் வரை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு பந்தயத்தையே ஏற்பாடு செய்தார்.

1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் 182 வண்டிகள் கிளம்பின. டக்காரைத் தொட்டவை 74. ஒரு பைக் ஓட்டி வழியில் இறந்தும் போனார். அந்த முதல் ஆண்டில் கார், பைக் எல்லாவற்றுக்கும் ஒரே தரவரிசை. முதலிடம் சிரில் நெவ்யூ, வயது 22, வண்டி எக்ஸ்டி 500. இரண்டாமிடமும் எக்ஸ்டி 500. மூன்றாவது ஒரு ஹோண்டா பைக். அதற்கப்புறம்தான் முதல் கார் வந்தது. அடுத்த ஆண்டு 1980-இல் பைக் பிரிவின் முதல் நான்கு இடங்களும் எக்ஸ்டி 500-க்கே, முதலிடம் மறுபடியும் நெவ்யூ.

அங்கே ஓடியவர்களில் பலர் கம்பெனி ஆட்கள் இல்லை, சொந்தக் காசைப் போட்டு வந்தவர்கள். பின்னால் உதிரிபாக லாரி எல்லாருக்கும் கிடையாது. அப்படி ஒருவன் மணலில் தனியாக நிற்கும்போது அந்த "கிடையாது" பட்டியலை மறுபடி படிக்க வேண்டும். ரேடியேட்டர் இல்லை, அதனால் கல் பட்டு ஓட்டையாகாது. ஹோஸ் இல்லை, அதனால் பிய்த்துக்கொள்ளாது. செல்ஃப் மோட்டார் இல்லாததால் அது எரிந்துபோகும் பயமும் இல்லை. முக்கியமாக, கேனில் மிச்சமிருக்கிற இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடிப்பதா, இன்ஜினுக்கு ஊற்றுவதா என்ற கேள்வியே வராது.

இதைப் படித்துவிட்டுக் காற்றுக் குளிர்விப்புதான் சிறந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். காற்று வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். மணல்மேட்டில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது சூடு உச்சத்தில் இருக்கும், காற்றோ ஆமை வேகத்தில் வரும். பின்பக்கமிருந்து காற்றடித்தால் அதுவும் இல்லை. எக்ஸ்டியின் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கம் ஆயில் போதிய அளவு போவதில்லை என்று, தனியாக ஒரு ஆயில் குழாய் இழுத்துக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. டேங்கும் பாலைவனத்துக்கு லாயக்கில்லை. பந்தயக்காரர்கள் பெரிய டேங்க் மாட்டித்தான் ஓட்டினார்கள். யமஹாவுக்கே அது புரிந்து, 1983-இல் 30 லிட்டர் டேங்கோடும் முன்பக்க டிஸ்க் பிரேக்கோடும் எக்ஸ்டி 600 இசட் டெனெரேயை இறக்கியது. அதுவும் காற்றால் குளிர்வதுதான், ஆனால் நான்கு வால்வு.

1979 முதல் 1985 வரை பைக் பிரிவில் டக்காரை ஜெயித்த வண்டிகள் எல்லாமே, யமஹா, பிஎம்டபிள்யூ, ஹோண்டா எதுவானாலும், காற்றால் குளிர்ந்தவை. 1986-இல் ஹோண்டாவின் என்எக்ஸ்ஆர் 750 வந்தது. தண்ணீரால் குளிரும் வி-ட்வின், பந்தயத்துக்கென்றே கம்பெனி கட்டியது. அதில் ஜெயித்தவர் யார் தெரியுமா? அதே சிரில் நெவ்யூ. அதே பந்தயத்தின் நடுவில், மாலி நாட்டில், தியெரி சபின் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார்.

பந்தயத்தில் தோற்றாலும் கடையில் காற்று இன்ஜின் நெடுங்காலம் ஓடியது. எக்ஸ்டியின் இன்ஜினை அடிப்படையாக வைத்து 1978-இல் யமஹா எஸ்ஆர் 400, எஸ்ஆர் 500 என்று ரோட்டு பைக்குகளைச் செய்தது. அடித்த அச்சுக்கும் போட்ட மெஷினுக்குமான செலவை எத்தனை வருஷம் பிரித்துப் போட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: எஸ்ஆர் 400 ஜப்பானில் கடைசியாக விற்பனைக்கு வந்தது 2021-இல், அப்போதும் கிக்கரோடுதான்.

அதற்கு மேல் ஓடாததற்குப் பாலைவனமும் காரணமில்லை, பவரும் காரணமில்லை. புகைச் சட்டம். தண்ணீர் இன்ஜின் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கும். காற்று இன்ஜின் சிக்னலில் ஒரு சூடு, ஹைவேயில் ஒரு சூடு என்று ஊசலாடும். சூடானால் உலோகம் விரியும் என்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட்டாக வேண்டும். அதன் வழியே ஆயில் கொஞ்சம் எரியும், பெட்ரோலும் சூட்டைத் தணிக்கவென்றே கொஞ்சம் தாராளமாகப் போகும். விதிமுறை இறுக இறுக அந்தக் கொஞ்சத்துக்கும் இடமில்லாமல் போனது.

நம் நாட்டிலும் அதே வரிசைதான், கொஞ்சம் தாமதமாக. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தபோது முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், ஸ்போக் சக்கரம், காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர். சக்கர அளவு எக்ஸ்டி 500-இன் அளவேதான். அடுத்து வந்த எக்ஸ்பல்ஸ் 210-க்குள் தண்ணீர் ஓடுகிறது. சென்னைக்காரரான ராயல் என்ஃபீல்டும் 2016-இல் காற்றால் குளிரும் 411 சிசி ஹிமாலயனில் தொடங்கி 2023-இல் 450-க்கு மாறியபோது ரேடியேட்டர் வைத்தது. முன்பக்கம் எட்டிப் பார்த்தால் ரேடியேட்டருக்கு ஒரு கம்பி வலை தெரியும். பலர் அதன் மேல் இன்னொரு வலையையும் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள், கல் பட்டுவிடக் கூடாதே என்று.